முள்நாறிக் கனி

மா, பலா, வாழை என்னும் மூன்றினையும் முக்கனி எனப் பாராட்டுவது தமிழர் மரபு. விருந்தினர்க்கு இலையிடும்போதும் இறைவனுக்குப் படைக்கும்போதும் இம்மூன்றும் முன்வந்து நிற்கும். இவ்வாறே ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் மண்ணில் விளையும் ஒரு கனியைத் தம் நெஞ்சிற்கு நெருக்கமானதாகக் கொண்டுள்ளனர். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் மக்களுக்கு அத்தகைய கனி டுரியான். அவர்கள் அதனைக் ‘கனிகளின் அரசன்’ என்பர். ஆயினும் இவ்வரசனை முதன்முறை காண்பவர் பலர் வணங்கி நிற்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்கின்றனர். உடம்பெல்லாம் முள், அருகிற் சென்றால் கடுமையான வாடை. இவ்விரண்டு வாயில்களையும் கடந்து உள்ளே செல்பவர்க்கே அதன் இனிமை கிட்டும்.

இக்கனியின் பெயரே அதன் தோற்றத்தை உணர்த்துகின்றது. மலாய் மொழியில் ‘டுரி’ என்பது முள். முள்ளையுடையது டுரியான் ஆயிற்று. தமிழில் இதற்கு ‘முள்நாறி’ என்னும் பெயரும் உண்டு. நாறுதல் என்றவுடன் இக்காலத்தார் முகஞ்சுளிப்பர். ஆனால், பழந்தமிழில் நாற்றம் என்னும் சொல் நறுமணத்தையே பெரும்பாலும் குறித்தது. திருவள்ளுவரும் அரும்பினுள் அடங்கியிருக்கும் மணத்தை அச்சொல்லாலேயே கூறினார். காலப்போக்கில் அச்சொல் தன் உயர்வை இழந்து தீய வாடையைக் குறிக்கலாயிற்று. எனவே, முள்நாறி என்னும் பெயரைப் பழம்பொருளில் கொள்வார்க்கு இது முள்ளுடைய நறுங்கனி; புதுப்பொருளில் கொள்வார்க்கு முள்ளுடைய தீநாற்றக் கனி. இக்கனியைப் பற்றி உலகில் நிலவும் இரு வேறு கருத்துகளும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் வியப்பிற்குரியது.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயரிலும் இத்தகைய இரட்டைத் தன்மை உண்டு. ‘டுரியோ சிபெத்தினசு’ என்னும் அப்பெயரின் பின்மொழி, புனுகுப் பூனையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. புனுகு எடுத்தவுடன் மூக்கைத் துளைக்கும் கடும் வாடையுடையது. பக்குவப்படுத்திச் சிறிதளவு சேர்த்தாலோ அதுவே மணப்பொருளாகின்றது. ஒன்றன் மணமும் நாற்றமும் அப்பொருளில் மட்டும் இல்லை. நுகர்வோன் பழக்கத்திலும் உள்ளன என்பது இதனாற் புலனாகும்.

டுரியான் மரம் போர்னியோ, சுமத்திரா ஆகிய தீவுகளின் மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டது. காட்டில் அது 30 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளரும். இலைகள் மேற்புறம் கரும்பச்சையாகவும், அடிப்புறம் செம்பொன் நிறமாகவும் இருக்கும். காற்று வீசும்போது அம்மரம் பச்சையும் பொன்னும் மாறி மாறி மின்னுவது கண்ணுக்கு இனிய காட்சியாகும். முள்ளையும் சுளையையும் கண்டு இதனைப் பலாவின் உறவென்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையாகும். பலா, அத்தி ஆல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. டுரியானோ பருத்தி, வெண்டை, செம்பருத்தி, இலவு, பூவரசு ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தோற்றத்தால் ஒத்தவை பிறப்பால் வேறாதலும், தோற்றத்தால் வேறானவை பிறப்பால் ஒன்றாதலும் இயற்கையில் உண்டு.

மழையில்லாத சில கிழமைகள் தொடர்ந்து வருமாயின் டுரியான் மரம் பூக்கத் தொடங்கும். பூக்கள் நுனிக்கொம்பில் தோன்றாமல், பருத்த கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவை பிற்பகலில் இதழ் விரிந்து, இரவில் தேன் சொரிந்து, விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் உதிர்த்துவிடும். பகலில் வரும் தேனீக்களால் அவற்றிற்குப் பெரும்பயன் இல்லை. அவ்வொரே இரவில் வந்து உதவும் விருந்தாளி வௌவால். தேனருந்த வரும் குகை வௌவாலின் மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொள்கின்றது. அடுத்த மரத்திற்கு அது பறந்து செல்லும்போது மகரந்தமும் உடன் செல்கின்றது. டுரியானில் பல வகைகள் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தத்தை வேண்டி நிற்கின்றன. ஆதலின், வௌவால் வாராத தோட்டத்தில் பூ மிகுதியாக இருப்பினும் காய் அருகியே இருக்கும்.

பூத்து மூன்று அல்லது நான்கு திங்களில் கனி முற்றும். மலேசியத் தீபகற்பத்தில் சூன் முதல் ஆகஸ்டு வரை பெரும்பருவம். ஆண்டின் இறுதியை ஒட்டி மற்றொரு சிறுபருவமும் உண்டு. தாய்லாந்தின் கிழக்குப் பகுதியில் ஏப்பிரல் திங்களிலேயே பருவம் தொடங்கிவிடும். பருவம் வந்ததென்பதை மக்கள் நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டுவதில்லை. சாலையோரங்களில் கடைகள் முளைக்கும். காற்றே செய்தி கொண்டுவரும்.

மலேசிய நாட்டார் டுரியானை மரமேறிப் பறிப்பதை விரும்பார். கனி தானே பழுத்து உதிர வேண்டும். உதிர்ந்த கனியே சுவையிற் சிறந்தது என்பது அவர்தம் கொள்கை. கனிகள் பெரும்பாலும் இரவிலும் வைகறையிலும் உதிர்கின்றன. ஆதலின், தோப்புக்குரிய குடும்பத்தினர் பருவக் காலத்தில் மரத்தடிக்குச் சற்று அப்பால் குடில் அமைத்துக் காவலிருப்பர். நள்ளிரவில் ‘தொப்’பென்று ஓர் ஓசை கேட்கும். உறங்கிக்கொண்டிருந்த சிறுவர் எழுந்து விளக்கை ஏந்தி ஓசை வந்த திசை நோக்கி விரைவர். முந்திச் சென்றவர்க்கு ஊக்கம், பிந்தியவர்க்கு ஏமாற்றம். காட்டோரத் தோப்பாயின் யானையும் கரடியும் பன்றியும் அவர்களுக்குப் போட்டியாக வருதலும் உண்டு. 3 கிலோகிராம் எடையுள்ள முட்கனி அத்தனை உயரத்திலிருந்து தலைமேல் விழுந்தால் உயிர்க்கு ஊறு நேரும். எனினும், ‘டுரியானுக்குக் கண் உண்டு, அது மனிதர்மேல் விழாது’ என்று அந்நாட்டு முதியோர் கூறுவர். அவ்வாறு கூறுவோரும் மரத்தடியில் படுத்து உறங்குவதில்லை என்பது கருதத்தக்கது. தோட்டக்காரர் பலர் இக்காலத்தில் மரங்களுக்கிடையே வலை கட்டி, விழும் கனியைத் தாங்கிக்கொள்கின்றனர்.

தாய்லாந்து நாட்டார் முறை இதனின் வேறானது. அவர்கள் கனி முற்றியவுடன் ஆளை மரத்தில் ஏற்றிக் காம்பை அறுப்பர். கீழே நிற்பவர் கோணிப்பையால் அதனை இலாவகமாகப் பிடிப்பர். அவ்வாறு பறித்த கனி சில நாட்களிற் பழுக்கும். தொலைநாடுகளுக்கு அனுப்புவதற்கும் ஏற்றதாக இருக்கும். உதிர்ந்த கனியோ ஓரிரு நாட்களுக்குள் உண்ணப்பட வேண்டும். மலேசியர் குழைவையும் கடுமணத்தையும் விரும்புவர்; தாய்லாந்தினர் சற்றே உறுதியான சுளையையும் மென்மணத்தையும் விரும்புவர். சுவைக்கும் நாட்டெல்லை உண்டு போலும்!

டுரியானைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலையே. காம்பு பசுமையாக இருக்கின்றதா என்று பார்ப்பர். கனியைக் காதருகே வைத்து மெல்ல அசைத்து உள்ளே சுளை அசையும் ஒலியைக் கேட்பர். அடிப்பகுதியை முகர்ந்து பார்ப்பர். கடைக்காரர் கத்தியால் சிறிய வாயில் திறந்து சுளையைக் காட்டுவார். கனியின் புறத்தே மெல்லிய கோடுகள் செல்லும். அவற்றின் வழியே பிளந்தால் பெரும்பாலும் ஐந்து அறைகளாகப் பிரியும். ஒவ்வோர் அறையிலும் பாலேடு போன்ற தசையால் மூடப்பட்ட கொட்டைகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றை உண்ணத் தட்டும் வேண்டா; கரண்டியும் வேண்டா. குடும்பத்தார், நண்பர், அயலார் யாவரும் சுற்றி அமர்ந்து, ஒரே கனியிலிருந்து கையால் எடுத்து உண்பர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்னும் வேறுபாடு அவ்விடத்தில் மறைந்துவிடும். தனித்திருந்து உண்பதற்குரிய கனியன்று அது.

உண்டபின் கைவாடை நீங்குதற்பொருட்டு வெறுமையான ஓட்டிலே நீரூற்றிக் கையலம்புவது அந்நாட்டு வழக்கம். டுரியான் உடலுக்குச் சூடு தருவது என்றும், மங்குசுத்தான் குளிர்ச்சி தருவது என்றும் கருதி, ஒன்றையுண்டபின் மற்றொன்றை உண்பர். இரண்டும் ஒரே பருவத்தில் கனிதலால், மங்குசுத்தானைக் ‘கனிகளின் அரசி’ என்று போற்றுவர். மாவும் சர்க்கரையும் கொழுப்பும் செறிந்த உணவாதலின், டுரியானை அளவறிந்து உண்டலே நன்று.

இனி, டுரியான் வகைகளைக் காண்போம். விதையிலிருந்து தானே முளைத்து வளர்ந்த மரத்தின் கனியைக் ‘கம்போங் டுரியான்’, அதாவது நாட்டு டுரியான், என்பர். இவ்வகையில் ஒரு மரத்தின் கனியைப் போல் மற்றொரு மரத்தின் கனி இராது. ஒன்று தேன்போல் இனிக்கும். மற்றொன்று சிறிது கைக்கும். ஒன்றில் தசை மிகுதி. மற்றொன்றில் கொட்டை மிகுதி. நம் நாட்டில் மாங்கொட்டையிலிருந்து முளைத்த மரம் தாய்மரத்தின் சுவையை அப்படியே தாராதது போன்றதே இது. நற்சுவை தரும் மரத்தைக் கண்டால் அதன் ஒட்டை எடுத்து வேறு கன்றில் கட்டிப் பெருக்குவர். அவ்வாறு பெருக்கிய சிறந்த வகைகளை மலேசிய வேளாண்மைத் துறையினர் 1934ஆம் ஆண்டு முதல் ‘டி’ என்னும் எழுத்தும் எண்ணும் இட்டுப் பதிவு செய்து வருகின்றனர்.

அவ்வகைகளுள் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கியது 1937இல் பதிவான டி 24. வெளிர்மஞ்சள் நிறச் சுளையும், இனிப்பும் கைப்பும் கலந்த சுவையும் உடையது இது. பின்னாளில் அதனினும் புகழ்பெற்றது 1993இல் பதிவான டி 197. கெலந்தான் மாநிலத்துக் குவா மூசாங் என்னும் ஊரின் பெயரால் இதனை ‘மூசாங் கிங்’ என்று அழைக்கின்றனர். மூசாங் என்றால் மரநாய், புனுகுப் பூனை முதலிய விலங்கினம். குவா என்றால் குகை. பொன்மஞ்சள் நிறச் சுளை, தட்டையான சிறு கொட்டை, அடியில் விண்மீன் போன்ற ஐங்கோட்டு அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். பினாங்குத் தீவில் பெயர்பெற்ற ‘ஊடாங் மேரா’ என்னும் வகைக்குச் சிவப்பு இறால் என்பது பொருள். வேகவைத்த இறாலின் நிறம்போல் அதன் சுளை செம்மஞ்சளாக இருத்தலால் அப்பெயர் பெற்றது. 2015இல் பதிவான டி 200 ‘கருமுள்’ என்று வழங்கும். கனியின் அடிநுனியில் பூவின் எச்சமாகிய கரிய சிறு நார் முள்போல் நிற்றலே அப்பெயர்க்குக் காரணம்.

தாய்லாந்து வகைகளின் பெயர்களும் சுவையானவை. ‘மோன்தோங்’ என்றால் பொன் தலையணை. பெருத்த கனியும், தடித்த தசையும், சிறு கொட்டையும், மென்மணமும் உடைமையால் வாணிகத்தில் இதற்கே முதலிடம். ‘சானி’ என்பது வாலில்லாக் குரங்கொன்றின் பெயர். நீண்ட காம்புடையது ‘கான்யாவ்’. சிறுத்து உருண்டது பொத்தான் என்னும் பொருளுடைய ‘கிரதும்’. போர்னியோத் தீவில் டுரியானின் வேறு இனங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று செம்மஞ்சள் தசையுடையதாய், கடும் வாடை அற்றதாய் விளங்கும். ஏறத்தாழ 30 இனங்களுள் உண்ணத்தக்கவை சிலவே. அவற்றுள்ளும் உலகம் அறிந்தது ஒன்றே எனலாம்.

மிகுதியான கனியை அம்மக்கள் வீணாக்குவதில்லை. தசையை உப்பிட்டுப் புளிக்கவைத்துத் ‘தெம்போயாக்’ செய்வர். மீன் குழம்பில் அதனைச் சேர்ப்பது பகாங் மாநிலத்தில் பெயர்பெற்ற சமையல். சர்க்கரையிட்டுக் கிளறி அல்வா போன்ற பண்டம் செய்வர். தேங்காய்ப் பாலோடு கலந்து பசையரிசிச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர். பலாக்கொட்டையைப் போல் இதன் கொட்டையையும் வேகவைத்தோ வறுத்தோ உண்ணலாம்.

இத்துணைச் சிறப்பிருந்தும், வாடை காரணமாக டுரியானுக்குச் சில இடங்களில் நுழைவில்லை. சிங்கப்பூரில் தொடர்வண்டியில் அதனைக் கொண்டுசெல்லல் ஆகாது. தங்கும் விடுதிகள் பலவும் அதனை உள்ளே விடுவதில்லை. 2017இல் சிங்கப்பூர் அறிவியலார் டுரியானின் மரபணுத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழ 46,000 மரபணுக்கள் அதில் இருத்தலையும், கந்தகஞ் சார்ந்த வாடைப் பொருள்களை ஆக்கும் மரபணு அதில் பல படிகளாகப் பெருகியிருத்தலையும் கண்டனர். காட்டில் விலங்குகளைத் தொலைவிலிருந்தே அழைத்து, விதையைப் பரப்புவதற்கு அவ்வாடை துணைசெய்கின்றது என்பது அறிஞர் கருத்து. நமக்கு வெறுப்பூட்டுவது யானைக்கு அழைப்பாகின்றது.

ஆங்கில இயற்கையறிஞர் ஆல்பிரட் ரசல் வாலசு, 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் ஆய்வு செய்தவர். அவர் மலாக்காவில் ஒரு கனியை வீட்டினுள் கொண்டுசென்றபோது வாடை பொறுக்காமல் வெறுத்தார். பின்னர்ப் போர்னியோவில் தரையில் உதிர்ந்து கிடந்த பழுத்த கனியொன்றைத் திறந்த வெளியில் உண்டார். அன்றே அவர் வெறுப்பு நீங்கி விருப்பம் பிறந்தது. பின்னர் அவரெழுதிய நூலில் அதனைப் பெரிதும் புகழ்ந்தார். கனி மாறவில்லை, உண்ட இடமும் அணுகிய முறையுமே மாறின. ஒரு முறை கண்டு ஒன்றனை வெறுத்தொதுக்குதல் அறிவுடையார் செயலன்று என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வாறு விரும்பப்படும் கனிக்கு இன்று வாடையினும் பெரிய இடர் ஒன்று வந்துள்ளது. மலேசியாவிற் பத்துமலையைத் தமிழர் நன்கு அறிவர். தைப்பூச நாளில் 272 படிகளேறி முருகனை வழிபடும் அக்குன்றத்தின் இருட்குகையில் தேனருந்தும் வௌவால்கள் வாழ்கின்றன. அவற்றை ஆராய்ந்தோர், இரைதேடி அவை 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடற்கரை அலையாத்திக் காடுகள் வரை பறந்து சென்று திரும்புதலைக் கண்டு 1976இல் எழுதினர். டுரியான் பூப்பது ஆண்டிற் சில கிழமைகளே. எஞ்சிய நாட்களில் அவ்வௌவால்களுக்கு உணவளிப்பவை அலையாத்தி மரம் முதலிய பிற மரங்களின் பூக்கள். அலையாத்திக் காட்டை இறால் பண்ணைக்காக அழித்தாலும், சுண்ணாம்புக் குன்றைச் சிமெந்துக்காக உடைத்தாலும் வௌவால் குறையும். வௌவால் குறைந்தால் மலையிலுள்ள டுரியான் தோப்பிற் காய் குறையும். கடற்கரையில் வெட்டிய கோடரி மலைத்தோப்பில் வடு உண்டாக்குகின்றது!

பழந்தின்னி வௌவால்களையோ உழவர் சிலர் பூவைத் தின்னும் பகையென எண்ணிக் கொன்றனர். தியோமான் தீவில் தானே படமெடுக்கும் கருவிகளை மரத்திற் பொருத்தி ஆராய்ந்தவர்கள், அவை பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் நக்கி, மகரந்தம் பரப்பி உதவுதலை 2017இல் வெளியிட்டனர். பகையென்று அடித்தது நட்பாயிற்று. வெளித்தோற்றங் கொண்டு வெறுப்பதன் கேடு கனிக்கு மட்டுமன்று. கனிக்குத் துணைநிற்கும் உயிர்க்கும் உண்டு.

மற்றொரு கேடும் கருதத்தக்கது. சீன நாட்டில் மூசாங் கிங் வகைக்கு விருப்பம் பெருகியது. உறையவைத்த முழுக்கனியை மலேசியாவிலிருந்து அங்கு அனுப்ப 2019இலும், புதுக்கனியை அனுப்ப 2024இலும் வழி பிறந்தது. சிறு உழவர் பலர் இதனால் வளம் பெற்றனர்; அது மகிழ்தற்குரியது. ஆனால், ஒரே வகையை நடுதற்பொருட்டுக் காடுகள் அழிக்கப்படுதலும் நிகழ்ந்தது. 2018இல் குவா மூசாங் பகுதியில் தெமியார் என்னும் தொல்குடியினர் தம் முன்னோர் காட்டைக் காத்தற்பொருட்டு வழியில் தடையிட்டு நின்றனர். போர்னியோத் தொல்குடியினரிடையே, பாட்டன் நட்ட டுரியான் மரம் அவன் வழிவந்தோர் அனைவர்க்கும் பொதுவுடைமை. ஊர் பெயர்ந்து போனாலும் பழைய இருப்பிடத்தை அம்மரங்களே காட்டி நிற்கும். அத்தகைய மரம் வீழ்ந்தால் கனி மட்டும் வீழ்வதில்லை. ஒரு குடியின் வரலாறும் வீழ்கின்றது. நாட்டு டுரியான் மரங்கள் அழிந்தால், நாளை புதுவகை தோற்றுவித்தற்குரிய வித்தும் அழியும்.

டுரியான் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நீலகிரிச் சாரலில் கல்லாறு, பர்லியாறு ஆகிய இடங்களிலுள்ள அரசினர் பழப்பண்ணைகளில் டுரியான் மரங்கள் சில உள்ளன. இலங்கையின் ஈரநிலப் பகுதிகளிலும் அது விளைகின்றது. அங்குச் செல்லும் மாணவர், வாடையடித்தவுடன் விலகாமல் சற்று நிற்பாராக. முள்ளைக் கண்டு அஞ்சாதவன் சுளையைப் பெறுவான். வௌவாலைக் கண்டு வெறுக்காதவன் அச்சுளையைத் தன் பேரனுக்கும் விட்டுச்செல்வான். கனியை விரும்புவோர் அக்கனிக்கு உதவும் இரவு விருந்தாளியையும், அவ்விருந்தாளிக்கு இடமளிக்கும் குகையையும், உணவளிக்கும் கடற்கரைக் காட்டையும் விரும்பிக் காத்தல் வேண்டும்.

பயிற்சி

1. ‘நாற்றம்’ என்னும் சொல்லின் பழம்பொருளும் இக்காலப் பொருளும் யாவை?
2. டுரியான் பலாவின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதை விளக்குக.
3. மலேசியரும் தாய்லாந்தினரும் டுரியானைக் கொள்ளும் முறைகளில் உள்ள வேறுபாடு யாது?
4. மூசாங் கிங், ஊடாங் மேரா, கருமுள், மோன்தோங் ஆகியவற்றின் பெயர்க்காரணங்களைக் கூறுக.
5. கடற்கரைக் காட்டிற்கும் மலைத்தோப்பிற்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் எழுதுக.
6. தோற்றத்தால் வெறுக்கப்பட்டுப் பயனால் உயர்ந்து நிற்கும் பொருள் அல்லது உயிர் ஒன்றைப் பற்றி உம் ஊரில் கண்டறிந்து கட்டுரை வரைக.